பி27 இருந்தால் பிள்ளைகளுக்கும் கண் அழற்சி வருமா?

தொடக்கக் கேள்வி: 2024 ஜனவரி 14, காலை 7.20

எனக்கு வந்திருப்பது முன்புற யூவியைட்டிஸ், அதாவது கண்ணின் முன்பகுதிக்குள் எழும் அழற்சி, என்று கண் மருத்துவர் கூறினார். இரத்தப் பரிசோதனையில் எச்.எல்.ஏ-பி27 என்ற மரபணு வகை நேர்மறை என்று வந்திருக்கிறது. இது மரபுவழி நோய், பிள்ளைகளுக்கும் நிச்சயம் வரும் என்கிறார் உறவினர் ஒருவர். என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கும் இப்போதே இந்தப் பரிசோதனையைச் செய்துவிடலாமா? குறைபாடுள்ள இந்த மரபணு அவளுக்கும் போயிருந்தால் முன்கூட்டியே மருந்து கொடுத்துத் தடுக்க முடியுமா?

ஜனவரி 14, இரவு 9.45

நிச்சயம் வரும் என்பது தவறு. நான் மருத்துவன் அல்லன். இதே நோயோடும் இதே பரிசோதனை முடிவோடும் பதினோரு ஆண்டுகளாக வாழ்பவன். இதுவரை ஆறு முறை வந்திருக்கிறது, நான்கு முறை வலக்கண்ணில், இரண்டு முறை இடக்கண்ணில். ஒரே நேரத்தில் இரண்டு கண்களிலும் வந்ததில்லை. பி27 சார்ந்த அழற்சியின் இயல்பு பெரும்பாலும் அதுதான்.

தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ பி27 வகையை ஒரு பிரதியாகப் பெற்றவர், அதைத் தம் குழந்தைக்குக் கடத்துவதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே உங்கள் மகளிடம் அது இல்லாமலே இருக்கலாம். இருந்தாலும்கூட, பொதுமக்களில் பி27 உள்ளவர்களை எடுத்துக்கொண்டால், வாழ்நாளில் என்றேனும் கடுமையான, அதாவது திடீரென எழும், முன்புற யூவியைட்டிஸ் வருவது ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் தம்மிடம் அப்படி ஒரு வகை இருப்பதையே அறியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள்.

முன்கூட்டிக் கொடுத்துத் தடுக்கும் மருந்து எதுவும் இல்லை. நோய் வராத ஒரு குழந்தைக்கு இந்தப் பரிசோதனை தருவது கவலையை மட்டுமே என்பது என் கருத்து. பரிசோதனை முடிவு நேர்மறையாக வந்தால் மருத்துவர் எதை மாற்றிச் செய்வார் என்று முதலில் அவரிடமே கேளுங்கள்.

ஜனவரி 15, மாலை 6.10

யூவியைட்டிஸ் நோயாளிகளில் பாதிப் பேரிடம் பி27 இருக்கிறது என்று படித்தேனே, பிறகு எப்படி நூற்றில் ஒருவர் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு கூற்றுகளும் உண்மை. முதலாவது நோயாளிகளிடமிருந்து தொடங்குகிறது, இரண்டாவது மரபணு வகையிலிருந்து தொடங்குகிறது. எனக்கும் இது புரிய ஒரு வாரம் ஆயிற்று, ஆகவே நான் தாளில் போட்டுப் பார்த்த கணக்கை அப்படியே தருகிறேன்.

ஐரோப்பிய மரபினர் 10,000 பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு, அதாவது 800 பேருக்கு, பி27 இருக்கும். நூற்றில் ஒருவர் என்ற அளவில் அந்த 800 பேரில் எட்டுப் பேருக்கு நோய் வரும். பி27 இல்லாத மற்ற 9,200 பேரிலும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையினருக்கு வரும். நோயாளிகளை மட்டும் ஓர் அறையில் கூட்டினால் பாதிப் பேரிடம் பி27 இருக்கும். ஆனால் பி27 உள்ளவர்களை மட்டும் கூட்டினால் அந்தக் கூட்டத்தில் 792 பேர் கண் நலத்தோடு இருப்பார்கள்.

உலகெங்கும் இந்த 8 விழுக்காடு பொருந்தாது. வட அமெரிக்காவின் ஹைடா பழங்குடியினரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் பி27 உண்டு. ஜப்பானியரில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. பி27 சார்ந்த கண் நோயும் முதுகுத்தண்டு நோயும் ஜப்பானில் அரிதாக இருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

ஜனவரி 15, இரவு 10.30

இன்னொன்று. இதைக் குறைபாடுள்ள மரபணு என்று சொல்ல வேண்டாம். எச்.எல்.ஏ-பி என்ற மரபணு எல்லோரிடமும் உண்டு. அதற்கு ஆயிரக்கணக்கான இயல்பான வடிவங்கள் உள்ளன. 27 என்பது அவற்றுள் ஒரு குடும்பம். எச்.ஐ.வி தொற்றியவர்களில் பி27 உள்ளவர்களுக்கு நோய் மெதுவாகவே முற்றுகிறது என்பது உறுதிப்பட்ட செய்தி. ஹெபடைட்டிஸ் சி வைரஸை உடல் தானாகவே வென்று வெளியேற்றும் வாய்ப்பும் இவர்களுக்குக் கூடுதல். வைரஸின் துண்டுகளை நோய் எதிர்ப்புச் செல்களுக்குத் திறம்படக் காட்டுவதே இவ்வகையின் பலம். அந்தப் பலம் சிலருக்கு, சில வேளைகளில், தம் கண்ணின் மீதே திரும்புகிறது. உங்கள் மகள் பெரியவளாகி இதைப் பற்றிக் கேட்கும் நாளில், அப்பாவிடமிருந்து ஒரு பழுதைப் பெற்றோம் என்ற எண்ணம் அவளுக்கு வரக்கூடாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஜனவரி 17, இரவு 8.55

இந்தத் தொடர்பு எப்படிக் கண்டறியப்பட்டது என்று கேட்டிருந்தார்கள். 1973ஆம் ஆண்டில், முதுகுத்தண்டை இறுக்கும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் பி27 இருப்பதை லண்டனில் ப்ரூவர்ட்டன் குழுவினரும் லாஸ் ஏஞ்சலிஸில் ஷ்லாஸ்டைன், தெராசாகி குழுவினரும் தனித்தனியே வெளியிட்டார்கள். அதே ஆண்டிலேயே ப்ரூவர்ட்டன் குழுவினர் கடுமையான முன்புற யூவியைட்டிஸ் நோயாளிகளிடமும் அதே வகை மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். கண்ணும் முதுகும் ஒரே வேரில் இணைந்திருப்பது அப்போதே வெளிப்பட்டுவிட்டது. ஆனாலும் இன்றும் கண் சிவந்து வருபவரிடம் முதுகைப் பற்றிக் கேட்காமல் அனுப்பிவிடுவது நடக்கிறது. எனக்கு முதல் நான்கு ஆண்டுகள் யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 20, பிற்பகல் 3.15

ஒரு மரபணு வகை கண்ணுக்குள் அழற்சியை எப்படித் தூண்டுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எச்.எல்.ஏ மரபணுக்கள் ஆறாம் குரோமோசோமின் குறுங்கரத்தில் நெருக்கமாக அமைந்துள்ளன. எச்.எல்.ஏ-பி உருவாக்கும் புரதம் செல்லின் மேற்பரப்பில் நிற்கும். அதன் உச்சியில் ஒரு பள்ளம் இருக்கும். செல்லுக்குள் இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகள், அதாவது பெப்டைடுகள், அந்தப் பள்ளத்தில் வைத்து டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டப்படும். எந்தத் துண்டு அந்தப் பள்ளத்தில் பொருந்தும் என்பதைப் பள்ளத்தின் வடிவம் தீர்மானிக்கிறது. துண்டுகளைச் சரியான நீளத்துக்கு நறுக்கித் தருவது ஈரேப்1 என்ற நொதியின் வேலை. அந்த நொதிக்கான மரபணுவில் உள்ள மாறுபாடுகளும் ஸ்பாண்டிலைட்டிஸ் வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. அதுவும் பி27 உள்ளவர்களிடம்தான் அந்த விளைவு தெரிகிறது என்று 2011இல் கண்டறிந்தார்கள். நறுக்குகிறவரும் ஏந்திக் காட்டுகிறவரும் சேர்ந்தே வாய்ப்பை அமைக்கிறார்கள் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பி27இன் உட்பிரிவுகள் இன்னும் வியப்பானவை. 27:05 என்ற உட்பிரிவு நோயோடு தொடர்புடையது. சார்டீனியாவில் காணப்படும் 27:09 என்ற உட்பிரிவுக்கோ நோயுடன் அத்தகைய தொடர்பு இல்லை, அல்லது மிகவும் குறைவு. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 116ஆம் இடத்தில் உள்ள ஒரே ஓர் அமினோ அமிலம். அந்த இடம் பள்ளத்தின் அடித்தளத்தில் இருக்கிறது.

2022 டிசம்பரில் வெளிவந்த ஓர் ஆய்வு இதையெல்லாம் ஓர் இழையில் கோத்தது. ஸ்பாண்டிலைட்டிஸ் நோயாளிகளின் மூட்டு நீரிலும் யூவியைட்டிஸ் நோயாளிகளின் கண்ணுக்குள்ளும் இருந்த டி செல்களை எடுத்துப் பார்த்தபோது, ஒரே மாதிரியான ஏற்பிகள் இரண்டு இடங்களிலும் மிகுந்திருந்தன. பி27 பள்ளத்தில் வைக்கப்பட்ட எந்தத் துண்டுகளை அந்த ஏற்பிகள் அடையாளம் காண்கின்றன என்று தேடியபோது, அவற்றுள் பாக்டீரியாவின் புரதத் துண்டுகளும் இருந்தன, நம் உடலின் சொந்தப் புரதத் துண்டுகளும் இருந்தன. பாக்டீரியாவை எதிர்க்கப் பழகிய செல், அதே சாயலில் உள்ள தன் உடலின் துண்டைக் கண்டும் கிளர்ந்தெழக்கூடும் என்ற நெடுநாள் ஐயத்துக்கு இது நேரடியான வலு சேர்த்தது. பி27 புரதம் செல்லுக்குள் சரியாக மடியாமல் போவதால் அழற்சி எழுகிறது என்பது வேறொரு விளக்கம். அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம்.

சுற்றுச்சூழலின் பங்குக்கும் சான்று உண்டு. மனித பி27 மரபணுவைப் புகுத்திய எலிகளுக்குக் குடல் அழற்சியும் மூட்டு அழற்சியும் வருகின்றன. ஆனால் அதே எலிகளை நுண்ணுயிர்களே இல்லாத சூழலில் வளர்த்தபோது அவை வரவில்லை என்று 1994இல் காட்டினார்கள். மரபணு மாறவில்லை, குடலில் வாழும் உயிர்கள் இல்லாமற்போனதுதான் வேறுபாடு.

ஜனவரி 21, காலை 6.40

மரபணுவைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்து, உங்களுக்கு உடனடியாகத் தேவையானதை விட்டுவிட்டேன். என் முதல் தாக்குதலின்போது கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் ஒரு மருத்துவரிடம் சென்றேன். அவர் கண்ணுக்குள் உருப்பெருக்கிப் பார்க்க உதவும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்க்காமல், இது தொற்றுதான் என்று ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார். ஐந்து நாள் பொறுத்திருந்தேன். அதற்குள் ஐரிஸ் எனப்படும் கதிராளியின் விளிம்பு பின்னாலிருக்கும் லென்ஸோடு இரண்டு இடங்களில் ஒட்டிக்கொண்டது. கண்மணியை விரிக்கும் மருந்தை முதல் நாளே தொடங்கியிருந்தால் அது ஒட்டாமல் தடுத்திருக்கலாம் என்று பின்னர் வந்த மருத்துவர் சொன்னார். ஓர் ஒட்டு விடுபட்டது. மற்றது இன்றும் இருக்கிறது. இருட்டில் என் வலக்கண்மணி வட்டமாக விரிவதில்லை.

அடுத்தடுத்த ஐந்து முறையும் முதல் நாளிலேயே சென்றேன். ஸ்டீராய்டு சொட்டுகளையும் கண்மணியை விரிக்கும் மருந்தையும் உடனே தொடங்கினார்கள். ஒவ்வொரு முறையும் ஆறு வாரத்துக்குள் தணிந்தது, புதிய ஒட்டு எதுவும் ஏற்படவில்லை. ஒரே ஆள், ஒரே மரபணு, வேறுபட்ட முடிவுகள். வீட்டில் மீந்திருக்கும் ஸ்டீராய்டு சொட்டை நீங்களாகவே போட்டுக்கொள்ளாதீர்கள். கண்ணில் வந்திருப்பது வைரஸ் தொற்றாக இருந்தால் பெருந்தீங்கு விளையும். வலியும் சிவப்பும் வெளிச்சக் கூச்சமும் வந்த அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஜனவரி 22, காலை 7.05

மேலே உள்ள குறிப்பில் ஒரு திருத்தம், இதை யாரும் தவறவிட வேண்டாம். வலியும் சிவப்பும் பெரியவர்களின் பி27 அழற்சிக்கு உரியவை. சிறுவர்களுக்கு வரும் மூட்டழற்சியோடு சேர்ந்த யூவியைட்டிஸில் கண் வெள்ளையாகவே இருக்கும், வலிக்காது, குழந்தையும் எதுவும் சொல்லாது. பார்வை குறைந்த பிறகே வெளியே தெரியும். அதனால்தான் அத்தகைய மூட்டழற்சி உள்ள குழந்தைகளுக்குக் குறைகள் எதுவும் இல்லாவிட்டாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை கண்ணைச் சோதிக்கிறார்கள். அந்த நோயில் பேசப்படுவது பி27 அன்று, எச்.எல்.ஏ மரபணுக்களில் இன்னொன்றான டி.ஆர்.பி1இன் 11 எனப்படும் வகை. உங்கள் மகளுக்கு மூட்டு வீக்கம் எதுவும் இல்லையென்றால் இது அவளுக்குப் பொருந்தாது. இருந்தாலும், கண் சிவக்கவில்லை, ஆகவே கவலையில்லை என்ற முடிவுக்கு என் எழுத்தைப் படித்து யாரும் வந்துவிடக் கூடாது.

ஜனவரி 28, இரவு 9.20

முதல் நாள் எழுதிய நூற்றில் ஒருவர் என்ற கணக்கு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அது பொதுமக்களுக்கான கணக்கு. உங்கள் மகள் பொதுமக்களில் ஒருத்தி மட்டும் அல்லள், ஏற்கெனவே நோய் வெளிப்பட்ட ஒரு குடும்பத்தின் குழந்தை. பி27 உள்ள யூவியைட்டிஸ் நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் பி27 உள்ளவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு, பொதுமக்களில் பி27 உள்ளவர்களைவிடக் கூடுதல். அப்போதும் பெரும்பாலோருக்கு வருவதில்லை என்பது மாறாது. ஆனால் நான் எழுதிய எண் உங்களுக்கு உரிய எண் அன்று. அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

காரணம் இதுதான்: குடும்பத்தில் கைமாறுவது பி27 மட்டும் அன்று. இரட்டையர் ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. ஸ்பாண்டிலைட்டிஸில், ஒரு கரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். இரு கரு இரட்டையர் இருவருமே பி27 உள்ளவர்களாக இருந்தாலும்கூட அந்த அளவுக்கு இல்லை. ஆகவே பி27க்கு அப்பால் வேறு மரபணுக்களும் வேலை செய்கின்றன. ஈரேப்1 அவற்றுள் ஒன்று, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-23 என்ற புரதத்தின் ஏற்பிக்கான மரபணு இன்னொன்று. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது.

என் அண்ணனுக்கும் பி27 உண்டு. ஐம்பத்திரண்டு வயதுவரை அவருக்கு ஒருமுறைகூடக் கண் சிவந்ததில்லை. முதுகு மட்டும் இருபத்தைந்து வயதிலிருந்தே காலையில் மரத்துப்போனது போல இறுகியிருக்கும். என் கண்ணைப் பார்த்த மருத்துவர் கேட்ட கேள்வியால்தான் அவருடைய முதுகு நோய்க்குப் பெயர் கிடைத்தது. அப்பா தம் கடைசிப் பத்தாண்டுகளில் முன்னால் குனிந்தே நடந்தார். திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடல் முழுவதையும் திருப்புவார். முதுமை என்றே நினைத்தோம். அவருக்கு யாரும் எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை.

பிப்ரவரி 3, மாலை 5.00

எல்லா அழற்சிக் கண் நோய்களுக்கும் பி27தான் காரணமா என்று கேட்டவருக்கு: இல்லை. மரபணு எவ்வளவு அழுத்தமாகப் பேசுகிறது என்பது நோய்க்கு நோய் மாறுகிறது.

ஒரு முனையில் ப்ளாவ் நோய்க்கூட்டு இருக்கிறது. 1985இல் விவரிக்கப்பட்ட இந்த நோயில், சின்னஞ்சிறு வயதிலேயே தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் சிறுகட்டி போன்ற அழற்சி தோன்றும். 16ஆம் குரோமோசோமில் உள்ள நாட்2 என்ற ஒரே மரபணுவின் பிறழ்வே காரணம் என்று 2001இல் கண்டறிந்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்குப் பாதி வாய்ப்பு; பிறழ்வு வந்துவிட்டால் நோயும் ஏறத்தாழ வந்தே தீரும். உங்கள் உறவினர் சொன்ன நிச்சயம் என்ற சொல் இங்கேதான் பொருந்தும். அதே 2001இல் அதே மரபணுவின் வேறொரு பகுதியில் உள்ள மாறுபாடுகள் குடலைத் தாக்கும் க்ரோன் நோயோடு தொடர்புடையவை என்றும் தெரியவந்தது. ஒரு மரபணு எங்கே மாறுகிறது என்பதைப் பொறுத்து இரண்டு வேறு நோய்கள்.

விழித்திரையிலும் அதன் அடியிலுள்ள படலத்திலும் வெளிறிய புள்ளிகள் தெளித்தாற்போலத் தோன்றும் பேர்ட்ஷாட் நோய் இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது. அந்த நோயாளிகளில் 95 விழுக்காட்டுக்கும் மேலானோரிடம் எச்.எல்.ஏ-ஏ29 இருக்கிறது, 1982இல் தெரியவந்த இந்தத் தொடர்பைவிட வலுவான எச்.எல்.ஏ தொடர்பைக் காண்பது அரிது. ஆனால் ஐரோப்பியரில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரிடம் ஏ29 உண்டு, நோயோ மிக மிக அரிது. ஏ29 இல்லையென்றால் மருத்துவர் தம் கணிப்பை மீண்டும் எண்ணிப் பார்ப்பார். இருக்கிறது என்பதால் மட்டும் யாருக்கும் நோய் என்று சொல்லிவிட முடியாது.

துருக்கியத் தோல் மருத்துவர் ஹுலுசி பெஹ்செட் 1937இல் விவரித்த, கண்ணையும் தாக்கும் பெஹ்செட் நோய், பழைய பட்டுப்பாதை சென்ற நாடுகளில் மிகுதி. அந்த நோயில் முன்னிற்பது எச்.எல்.ஏ-பி51 என்ற வகை. ஜெர்மனியில் குடியேறிய துருக்கியரிடம் இந்த நோய் ஜெர்மானியரைவிட அதிகம், துருக்கியில் வாழ்வோரைவிடக் குறைவு. மரபணு அவர்களோடு பயணப்பட்டது, வாழுமிடம் மாறியது. எண்ணிக்கை இரண்டுக்கும் நடுவில் நின்றது. நிறமிச் செல்களைத் தாக்கும் வோக்ட்–கொயனாகி–ஹராடா நோயில் எச்.எல்.ஏ-டி.ஆர்4 வகை பேசப்படுகிறது. இன்னும் பல உண்டு. எல்லாவற்றையும் அடுக்க விரும்பவில்லை.

பிப்ரவரி 4, காலை 8.30

நேற்றைய குறிப்பைப் படித்து அச்சத்துடன் எழுதியவருக்கு: ப்ளாவ் மிக அரிது; உங்கள் குழந்தைக்குத் தோல் தடிப்பும் மூட்டு வீக்கமும் இல்லாமல் அதை நினைத்துக் கலங்க வேண்டாம்.

பிப்ரவரி 10, இரவு 10.10

மருந்தைத் தேர்வதிலும் கண்ணை நினைவில் வைக்க வேண்டும் என்பதை அண்ணனின் அனுபவத்தில் கற்றோம். ஸ்பாண்டிலைட்டிஸுக்குத் தரும் ஊசி மருந்துகளில் அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற, அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் கண் தாக்குதல்களையும் குறைக்கின்றன. எட்டானர்செப்ட் அதே டி.என்.எஃப் புரதத்தைத் தடுத்தாலும் கண்ணுக்கு அந்த அளவு பாதுகாப்பைத் தருவதில்லை. என் கண்ணைப் பற்றி அண்ணன் சொன்னதும், இதே காரணத்தைக் கூறி மூட்டு மருத்துவர் அடாலிமுமாப் பக்கம் சாய்ந்தார். தொற்றல்லாத யூவியைட்டிஸுக்கு அமெரிக்காவில் 2016இல் ஒப்புதல் பெற்ற மருந்தும் அதுதான். என்னைப் போல ஆண்டுக்கு ஒருமுறைகூட வராதவருக்குச் சொட்டு மருந்தே போதும். அடிக்கடி வருபவருக்குத்தான் இந்தப் பேச்சு.

பிப்ரவரி 18, காலை 7.50

மகளுக்குப் பரிசோதனை வேண்டாம் என்று முடிவு செய்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் கண் சிவந்து கூசினால் உடனே சொல்லச் சொல்லியிருப்பதையும் படித்தேன். அது போதும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதே பதிலில் போகிறபோக்கில் ஒன்றைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள்: இரண்டாம் சாமத்தில் இடுப்பு வலித்து விழிப்பு வருகிறது, காலையில் எழுந்து நடமாடிய பிறகே சரியாகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது, இது ஓராண்டாக இருக்கிறது. உங்களுக்கு 38 வயது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும், 45 வயதுக்கு முன் தொடங்கிய, அசைந்தால் தணிகிற முதுகுவலி பி27 உள்ள ஒருவருக்கு வந்தால் அதை நாற்காலியின் மீது பழிபோட்டு விட்டுவிடக் கூடாது. கடுமையான முன்புற யூவியைட்டிஸோடு கண் மருத்துவரிடம் வந்தவர்களை அயர்லாந்தின் டப்ளினில் முறையாகச் சோதித்தபோது, ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு அதுவரை கண்டறியப்படாத முதுகுத்தண்டு அழற்சி இருந்தது என்று 2015இல் வெளியிட்டார்கள். ஒரு மாதமாக நாம் மகளின் மரபணுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பரிசோதனை முடிவு பயன்பட வேண்டிய இடம் உங்கள் முதுகு.

மூட்டு மருத்துவரிடம் கண் அழற்சியைப் பற்றியும் பி27 முடிவைப் பற்றியும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால், இடுப்புக்குப் பின்னாலுள்ள மூட்டுகளை எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். என் அண்ணனுக்கு எக்ஸ்ரே மட்டும் மூன்று முறை எடுத்தார்கள், மூன்றிலும் இயல்பு என்றே எழுதியிருந்தது.